செவலையின் விரதம்

ஒரு குதிரையில் இரண்டு பேருக்குப் பங்கு இருந்தால் என்ன ஆகும் என்று என்னைக் கேளுங்கள், சொல்கிறேன். குதிரை நன்றாகத்தான் இருக்கும். பங்குக்காரர்கள் இரண்டு பேருக்கும் தூக்கம் போய்விடும்.

எனக்குச் சேந்தமங்கலத்தில் மலைச்சரக்குக் கடை. மிளகு, கடுக்காய், சாமை, பருவத்தில் பலாப்பழம் என்று கொல்லிமலையிலிருந்து இறங்குவதை வாங்கி நாமக்கல்லுக்கும் சேலத்துக்கும் அனுப்புகிற வியாபாரம். என் அத்தா வைத்த கடை. அவர் தன்னிடமிருந்த பெட்டைக் குதிரை ஒன்றை மலைமேல் அரியூர் நாட்டில் ஒரு கவுண்டர் வீட்டில் வாரத்துக்கு விட்டிருந்தார். வாரம் என்றால் இப்போதைய பிள்ளைகளுக்குப் புரியாது. குதிரை நம்முடையது, புல்லும் தண்ணீரும் வளர்க்கிறவருடையது, பிறக்கிற குட்டிகளில் ஆளுக்குப் பாதி. இரண்டு குட்டி பிறந்தால் ஆளுக்கொன்று என்று பிரித்துக்கொள்ளலாம். அந்தப் பெட்டையோ ஒரே ஒரு ஆண் குட்டியைப் போட்டுவிட்டு அடுத்த மழைக்காலத்தில் செத்துப்போனது. அந்தக் குட்டிதான் செவலை. பிறகு அத்தாவும் போனார், பெரிய கவுண்டரும் போனார். பாதிக் குதிரை எனக்கு, பாதிக் குதிரை பெரிய கவுண்டரின் மகனுக்கு என்று வந்து நின்றது.

மகன் கவுண்டருக்கு என் வயதுதான் இருக்கும். பத்து வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை சொல்வார். நான் அப்படியே நேர் எதிர். கேட்காததற்கும் பதில் சொல்லுவேன், பாதி நேரம் அது சண்டையில்தான் முடியும். என் வீட்டில், இவருக்கு மூக்குக்கு மேலே கோபம் வருவதில்லை, கோபத்துக்குக் கீழேதான் மூக்கே இருக்கிறது என்பார்கள். இருக்கட்டும். அந்தக் கோபம்தான் இந்த விவகாரத்தையே இழுத்து விட்டது.

செவலை மட்டக்குதிரைச் சாதிதான், ஆனால் தாயைவிட ஒரு பிடி உயரம். மலையேறி வளர்ந்த கால். அதைக் கீழே கொண்டுவந்து ஒற்றைக் குதிரை வண்டியில் பூட்டி ரோட்டில் விட்டபோது, சேந்தமங்கலமே கடையைப் போட்டுவிட்டு வந்து பார்த்தது. நாமக்கல் பக்கத்துப் பந்தயங்களில் நாலைந்து வருஷம் அதை முந்த ஒரு குதிரை இல்லை. ஓட்டுகிறவன் நான்தான். சாட்டை எடுத்ததே கிடையாது. நாக்கைத் தட்டினால் போதும், காதைப் பின்னால் மடித்துக்கொண்டு கிளம்பிவிடும். பந்தயக் காலத்தில் என்னிடம் கீழே இருக்கும், மற்ற நாளெல்லாம் கவுண்டரிடம் மேலே இருக்கும். அது வரைக்கும் எங்களுக்குள் ஒரு மனக்கசப்பும் வந்ததில்லை.

இரண்டாவது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. பெட்ரோல் கிடைக்காமல் லாரிக்குப் பின்னால் கரி அடுப்பு மாட்டி ஓட்டினார்கள். மலைக்கு ரோடே கிடையாது. ஏறினாலும் இறங்கினாலும் ஒற்றையடிப் பாதை, பொதி எல்லாம் மட்டக்குதிரை முதுகிலும் ஆள் தலையிலும்தான். காயடிக்காத ஆண் குதிரையைப் பொதி வரிசையில் விட முடியாது. முன்னால் ஒரு பெட்டை போனால் மூட்டையோடு மேலே பாயும், இரண்டும் பள்ளத்துக்குப் போய்விடும். அதனால் ஆண் குட்டி என்றால் மலைக்காரர்கள் இளசிலேயே காயடித்துவிடுவார்கள். செம்மேட்டுப் பக்கத்தில் ஒருவர் காயடிக்காமல் வைத்திருந்த ஆண் குதிரை இருக்கிறது என்ற தைரியத்தில் அத்தனை வீட்டிலும் காயடித்தார்கள். அவரவருக்கு அடுத்தவர் வீட்டில் ஒன்று இருக்கும் என்று நினைப்பு. அந்தச் செம்மேட்டுக் குதிரை ஒரு நாள் வயிற்றுவலி கண்டு விழுந்து செத்தது. அப்புறம்தான் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த வரையில் காயடிக்காமல் மிஞ்சியது எங்கள் செவலை ஒன்றுதான், அதுவும் பந்தயம் ஓடுகிறது என்று நான் விட்டுவைக்கச் சொன்னதால்.

கவுண்டர் கடைக்கு வந்து, திரும்பத் திரும்ப அதையே சொன்னார். பெட்டைகளுக்கு வயசாகிறது, இன்னும் இரண்டு பருவம் தப்பினால் குட்டி என்பதே இருக்காது, நம் குதிரையைப் பந்தயத்திலிருந்து நிறுத்திப் பொலிக்கு விட்டுவிடலாம் என்றார். நான் பார்க்கலாம், பார்க்கலாம் என்றேன். ஓடி ஜெயிக்கிற குதிரையை எவன் நிறுத்துவான்? ஆனால் எனக்கும் உள்ளுக்குள் ஒரு உறுத்தல் இருந்தது. தை மாதப் பந்தயம் முடிந்து வண்டியை அவிழ்த்தபோது செவலையின் இடது முன்னங்காலில், முழங்காலுக்குக் கீழே பின்புற நரம்பு, லேசாகச் சுட்டது. நானும் கவுண்டரும்தான் தொட்டுப் பார்த்தோம். புளியும் உப்பும் கரைத்துப் பற்றுப் போட்டோம். வெளியே மூச்சு விடவில்லை.

நாமக்கல்லில் ஒரு மில்காரர் இருந்தார். அவர் குதிரை எங்களிடம் தோற்றே பழகிய குதிரை. ஒரு நாள் என் கடை வாசலில் நாலு பேர் இருக்கும்போது, "பாய் குதிரைக்கு வயசாகிப் போச்சு, இனி பெட்டைக்குத்தான் லாயக்கு, அதனாலதான் மலையில ஒளிச்சு வெச்சிருக்காரு" என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்போடு விட்டிருக்கலாம். எனக்குக் காது புகைந்தது. தராசில் நின்ற மிளகை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்து, ஆடிப் பதினெட்டுக்கு ரோட்டுக்கு வாருங்கள், ஓட்டிக் காட்டுகிறேன் என்று வார்த்தையை விட்டுவிட்டேன். நாலு பேர் சாட்சி. வார்த்தையை விட்ட நிமிஷமே செவலையின் கால் ஞாபகம் வந்தது. ஆனால் எங்கள் ஊரில் சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்கினால் அப்புறம் கடையில் உட்கார்ந்து எடை சொல்ல முடியாது. எவன் நம்புவான்?

எங்கள் பக்கத்துப் பந்தயத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஓடுகிற குதிரைக்கு முந்தின அமாவாசையிலிருந்து விரதம். பெட்டை பக்கம் விடக்கூடாது. விட்ட குதிரையை ஓட்டினால் நடு ரோட்டில் மாரடைத்து விழும் என்பார்கள். உண்மையோ பொய்யோ, நானும் அதை நம்பினவன்தான். வண்டியில் பூட்டும் முன்னால் குதிரைக்காரன் எல்லாருக்கும் எதிரே அதன் நெற்றியில் வலது கையை வைத்து, சுத்தமாகக் கொண்டுவந்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். கோயிலுக்குப் போகிறவரும் அதைத்தான் சொல்வார், பள்ளிவாசலுக்குப் போகிற நானும் அதைத்தான் சொல்வேன். அதற்கு மேல் கேள்வி கிடையாது.

ஆடிப் பதினெட்டுக்கு முன்னால் குதிரையைக் கூட்டிவர மலை ஏறினேன். வழியெல்லாம் தூறல். கவுண்டர் செம்மேட்டுச் சந்தைக்குப் போயிருந்தார், இன்னும் திரும்பவில்லை. செவலை கொட்டகையில் நின்றது. என்னைக் கண்டதும் கனைத்தது. நான் குனிந்து இடது காலைத்தான் முதலில் தொட்டேன். சூடு இருந்ததா, என் கைச் சூடா என்று தெரியவில்லை. வலது காலைத் தொட்டேன், மறுபடி இடது காலைத் தொட்டேன். இருந்தது. அதிகமில்லை, ஆனால் இருந்தது. வெயிலே இல்லாத நாளில் அது வெயில் சூடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன் என்றால் என் புத்தி எங்கே போயிருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கவுண்டரின் சம்சாரம் வாசற்படியில் நின்று நான் காலைத் தொட்டதை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. கெட்டிக்காரி. பேசாத கவுண்டருக்கும் சேர்த்து அந்த வீட்டில் பேசுவது அதுதான். ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நான் குடித்து முடிக்கும் வரை காத்திருந்தது.

"ஏனுங்க பாய், செவலையை ஓட்டறது இனி ஆகாதுங்க. நம்மூட்டுப் பெட்டைக்கு உட்டாச்சு."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சொம்பைக் கீழே போட்டேன். யாரைக் கேட்டு விட்டாய் என்று கத்தினேன். அமாவாசை கழிந்து விட்டாயா, முன்னாலா என்று கேட்டேன். கழிந்துதான் என்றது. அப்புறம் நான் கத்திய கத்தலில் வார்த்தை எட்டாத தூரத்துக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். என் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டாய், பாதிக் குதிரை என்னுடையது, நான் எப்படிக் கீழே போய் முகத்தைக் காட்டுவேன் என்றேன். அது அசையவில்லை. புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு, நான் மூச்சு வாங்குகிற சமயம் பார்த்துச் சொன்னது.

"ஓடறது முன்பாதி, அது உங்களுது. குட்டி போடறது பின்பாதி, அது எங்குளுது. எங்க பாதியைத்தானுங்க உட்டோம்."

வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்றைக்கு எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கவுண்டர் சந்தைக் கூடையோடு வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் செத்துப்போய்விட்டது. சம்சாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கூடையை இறக்கி வைக்கவும் மறந்து நின்றார். அவருக்குத் தெரியாமல் நடந்த காரியம் என்பதை அந்த முகத்தைப் பார்த்தே நான் புரிந்துகொண்டேன். அதனால் அவரைத் திட்டக்கூட முடியாமல் போனது, அது வேறு எரிச்சல்.

குதிரையை அவிழ்த்தேன். என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. ஓட்டாமல் விட்டால் வார்த்தை தவறியவன். ஓட்டினால் நெற்றியில் கை வைத்துப் பொய் சொன்னவன், அதுவும் யாருக்குத் தெரியப்போகிறது? மூன்று பேருக்குத்தான். கால் சூடும் விரதம் முறிந்ததும் தெரிந்தவர்கள் நாங்கள் மூன்று பேர்தான். காட்டுப் பாதையில் இறங்கும்போது அதையே உருட்டிக்கொண்டு வந்தேன். செவலை வழுக்குப் பாறையில் இடது காலை ஒரு நொடி யோசித்து வைத்தது. முன்பெல்லாம் அப்படி யோசிக்காது. நான் பார்க்காததுபோல் நடந்தேன். பின்னால் கவுண்டர் வந்தார். பாதி மலை இறங்கினோம். அப்புறம்தான் பேசினார்.

"பாய், நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேனுங்க. ஆனா நீங்க நெத்தியில கை வெக்கறப்ப நான் அங்க நிக்க மாட்டேன்."

நான் கயிற்றை இழுத்துக்கொண்டு வேகமாக நடந்தேன். நின்றிருந்தால் பாதையிலேயே கைகலப்பு ஆகியிருக்கும்.

ஆடிப் பதினெட்டன்று காலையிலிருந்தே சேந்தமங்கலம் ரோட்டில் கூட்டம். மலைக்கோயிலுக்குப் போகிற சனம், சாமான் வாங்க வந்த சனம், பந்தயம் பார்க்கவே வந்த சனம். புளியமரத்து நிழலில் மில்காரர் தன் குதிரையை நிறுத்தியிருந்தார். சாம்பல் நிறம், புதுச் சேணம், புதுச் சலங்கை. நான் செவலையை வண்டிக்குப் பக்கத்தில் கொண்டுவந்ததும் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் கத்தினார்கள். அந்தச் சத்தம் கேட்டால் செவலை தரையைக் கீறும். அன்றைக்கும் கீறியது. ஓடத்தான் அதற்கு ஆசை. காலில் சூடு இருப்பதெல்லாம் அதற்கு ஒரு பொருட்டா?

முதலில் மில்காரர் தன் குதிரையின் நெற்றியில் கை வைத்துச் சொன்னார். அடுத்தது நான். திரும்பிப் பார்த்தேன். கவுண்டர் சொன்னபடியே கூட்டத்தை விட்டு விலகி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். அந்த முதுகைப் பார்த்ததும் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பெரிய அரிச்சந்திரன் என்று நினைத்தேன். அந்த ஆத்திரத்தோடேயே கையைத் தூக்கிச் செவலையின் நெற்றியில் வைத்தேன். வெல்லம் கொடுக்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு அது தலையைத் தாழ்த்தி என் உள்ளங்கையில் நெற்றியை முட்டியது. ஓட்டினால் ஜெயிக்கும், அதில் சந்தேகமே இல்லை. ஜெயித்து முடித்த இடத்தில் அந்த நரம்பு அறுந்து நிற்கும், அல்லது மாரடைத்து விழும். நாக்கைத் தட்டப்போவது நான்தானே.

"சுத்தமில்லீங்க" என்றேன். "அமாவாசை கழிச்சுப் பெட்டைக்கு உட்டாச்சு. நான் ஓட்டல."

அப்புறம் சிரிப்பு கிளம்பியது பாருங்கள், மலையில் போய் முட்டித் திரும்பியிருக்கும். மில்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளைக்குக் கல்யாணம் ஆனதைச் சொல்லவே இல்லையே, சொல்லியிருந்தால் மொய் எழுதியிருப்பேனே என்றார். நான் விட்ட வார்த்தையை ஒருவர் எனக்கு எடுத்துச் சொன்னார். என்னிடம் சரக்கு வாங்குகிற ஒருவரே, பாயிடம் இனி எடையையும் ரெண்டு தரம் பார்க்க வேண்டியதுதான் என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன் என்றால் அந்த நாள்தான். மில்காரர் குதிரை எதிராளி இல்லாமல் தனியாக ஓடியது.

கடைக்குப் போக முகமில்லை. கவுண்டர் வந்து கயிற்றை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, மேலே போய்விடலாம் என்றார். போனோம். ஏறும் வழியெல்லாம் எனக்கு ஒரே எண்ணம்தான். அந்த அம்மாளை நிற்க வைத்து நாலு கேள்வி கேட்டுவிட்டு, பாதிக் குதிரையையும் அவர்களிடமே விட்டெறிந்துவிட்டு, இனி இந்த மலைப் பக்கம் தலை வைத்துப் படுப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே ஏறினேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் இருந்தது. கவுண்டரின் சம்சாரம் வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தது. குதிரையைப் பார்த்ததும் முறத்தை வைத்துவிட்டு ஓடி வந்தது. எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. நேராகச் செவலையின் இடது காலைப் பிடித்து மேலிருந்து கீழே தடவியது. காலில் வீக்கம் இல்லை, மேலே வண்டி பூட்டிய தடம் இல்லை. நிமிர்ந்தது.

"ஓடலீங்களா?"

ஓடவில்லை, உன் புண்ணியத்தில் ஊரே சிரித்தது, நெற்றியில் கை வைத்து எல்லார் முன்னாலும் பெட்டைக்கு விட்டதைச் சொல்லிவிட்டு வந்தேன், போதுமா என்று ஆரம்பித்தேன். ஒத்திகை பார்த்த கேள்வியெல்லாம் வரிசையாக வரத் தயாராக இருந்தன. அதற்குள் அது அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதது. நான் இதை எதிர்பார்க்கவில்லை. கவுண்டர் பக்கத்தில் போய் நின்றார், என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை. முகத்திலிருந்து கையை எடுக்காமலே அது சொன்னது.

"உடலீங்க பாய். நான் சொன்னது பொய்யிங்க. அந்தக் காலோட நீங்க ஓட்டிப்புடுவீங்கன்னு பயந்து சொன்னேன். வேற என்ன சொன்னாலும் நீங்க கேக்கற ஆளில்லீங்களே."

நான் கவுண்டரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். செவலை என் தோளை முட்டி வெல்லம் தேடியது. எனக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது, ஆனால் என்னவோ வரவில்லை. மலை ஏறி வந்ததில் எனக்குக் கால் வலித்தது. அங்கே கிடந்த உரலின் மேல் உட்கார்ந்தேன். அப்படியானால் செவலை சுத்தம். நெற்றியில் கை வைத்து, ஊர் கூடி நிற்க, நான் ஒருத்தன்தான் அந்த ரோட்டில் பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

ஏன் விடவில்லை என்று கேட்டேன். விட்டிருந்தால் இத்தனை நாளில் குட்டிக்கு ஒரு வழியாவது பிறந்திருக்குமே என்றேன்.

அது கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தது. "பெட்டை நேத்துத்தானுங்க பருவத்துக்கு வந்துச்சு. வந்தாலும் உங்களைக் கேக்காம எப்படீங்க உடறது? பாதி உங்களுதாச்சே." பிறகு கொட்டகைப் பக்கம் கையைக் காட்டியது. "அங்கதான் கட்டியிருக்கேன். இன்னும் ரெண்டு மூணு நாள்ல பருவம் போயிரும். உட்டா மலையில இருக்கற பெட்டையெல்லாம் வரிசையா வந்துரும், அப்புறம் ஓட்டறதுக்கு ஆகாதுங்க. உடட்டுங்களா, இல்ல அடுத்த தைக்கு ஓட்டறீங்களா? நீங்களே சொல்லிப்போடுங்க."

இரண்டு பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். செவலை கொட்டகைப் பக்கம் காதைத் திருப்பியிருந்தது. தை மாதத்துக்குள் அந்தக் கால் ஆறினாலும் ஆறியிருக்கும். ஒரே ஒரு ஓட்டம், மில்காரர் முகத்தில் கரியைப் பூசிவிட்டு வந்துவிடலாம். அந்த ஆசை எனக்கு அப்போதும் வந்தது, வரவில்லை என்று சொல்ல மாட்டேன்.

"உடு அம்மணி" என்றேன். "நான் சொல்லிட்டு வந்தது மெய்யாகட்டும்."

கவுண்டர் கயிற்றை அவிழ்த்தார். நான் எழுந்து போய் அவருக்குக் கொட்டகைக் கதவைத் திறந்துவிட்டேன்.